மூன்று தடவையும் இடப்பக்கம்

ஃபேன்காரர் தப்புச் செய்யமாட்டார் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. அதை அவரே சொல்லிக்கொள்வார். சரிபார்த்துக் கொடுத்த விசிறி மறுநாள் நின்றுபோனால் உங்கள் வீட்டு மின்சாரம் சரியில்லை. சத்தம் போட்டால் உங்கள் வீட்டு உத்தரம் சரியில்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி, "உங்க வாயில 'என் தப்பு'ன்னு ஒரு வார்த்தை வந்தா, அன்னிக்கு ரேடியோவுல செய்தியா வாசிப்பாங்க" என்பாள். அவரும் சிரிப்பார். ஆனால் சொல்லமாட்டார்.

அவர் கடை எட்டடிக்குப் பன்னிரண்டடி. ஒரு பக்கம் நகல் எடுக்கும் கடை, மறுபக்கம் எப்போதும் மூடியே கிடக்கும் ஒரு ஷட்டர். உள்ளே செப்புக்கம்பியும் வார்னிஷ் வாடையும். முப்பத்தொரு வருடமாக அந்த இடத்தில் விசிறிகளின் வயிற்றைக் கிழித்துக் கம்பி சுற்றித் தைத்துக் கொடுத்திருக்கிறார். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையை ஓடும் மோட்டாரில் வைத்தாரென்றால் போயிருப்பது அச்சைத் தாங்கும் பேரிங்கா புஷ்ஷா என்று சொல்லிவிடுவார். அதில் மட்டும் யாரும் அவரை அசைக்கமுடியாது. யாராவது வீட்டு மாடியில் கிடந்த இரண்டு பழைய விசிறிகளின் இறக்கைகளைக் கலந்துகட்டிக் கொண்டுவந்தால் தராசில் போட்டு ஒவ்வொன்றாக நிறுத்து, ஒன்றைத் தனியே எடுத்து வைத்து, "இது வேற வீட்டுப் பிள்ளை. இதைச் சேர்த்தா மத்த ரெண்டும் ஆட்டம் போடும்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அவர் மனைவியின் அண்ணன் சலூன்காரர். சாலையின் எதிர்ச்சாரியில், நாலு கடை தள்ளி, இரண்டு நாற்காலி போட்ட கடை. ஒன்றில் ஆட்கள் உட்காருவார்கள், மற்றதில் செய்தித்தாள் உட்காரும். அந்த வட்டாரத்தில் சலூன்காரருக்கு இரண்டு பெயர்: நல்ல கத்தி, நல்ல கட்டைவிரல். கட்டைவிரல் எதற்கென்றால், பழைய கிடங்குகளுக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ரிமோட் விமானம் விடுபவர்களில் அவர்தான் சூரர். இருபது வருடப் பழக்கம். தரையில் ஒரு பாயை விரித்தால் பாயின் மேலேயே விமானத்தை இறக்குவார். ஃபேன்காரர் முதலில் பை தூக்கத்தான் கூடப் போனார். பிறகு விமானங்களைக் கட்டித்தரும் ஆளாகிவிட்டார். ஞாயிறு காலை ஆறு மணிக்கு மச்சான் கடையில் சவரம், ஏழு மணிக்கு மைதானம். இந்த ஒழுங்கு மழைக்குக்கூட மாறியதில்லை.

போன வருடக் கடைசியில் சலூன்காரருக்கு ஓர் ஆசை வந்தது. ஆட்டோகைரோ வேண்டும். பார்க்க ஹெலிகாப்டரின் சித்தப்பா மகன் மாதிரி இருக்கும். தலையில் பெரிய விசிறி உண்டு, ஆனால் அந்த விசிறிக்கு மோட்டார் கிடையாது. மூக்கிலிருக்கிற சின்ன மோட்டார் வண்டியை முன்னால் இழுக்கும். சற்றே பின்னால் சாய்ந்த மேல் விசிறியின் அடிவழியாக எதிர்க்காற்று புகும். அந்தக் காற்றிலேயே விசிறி தானாகச் சுழன்று வண்டியைத் தூக்கும். மைதானத்தில் அதுவரை யாரும் கட்டியதில்லை. யாரிடமிருந்தோ வரைபடம் வாங்கி அச்செடுத்து, சலூன்காரர் மைத்துனர் மேசையில் வைத்தார்.

"தலையில விசிறியா? அப்ப இது என் ஆளு மச்சான்" என்றார் ஃபேன்காரர். நாலு மாதம் ஆனது. ஒட்டுப்பலகையில் உடம்பு, பால்சா என்னும் லேசான கட்டையில் மூன்று இறக்கை. மூன்றையும் மருந்துக்கடைத் தராசில் நிறுத்து, மயிரிழை வித்தியாசம் வந்தாலும் உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துச் சமன்செய்தார். நடுத்தட்டில் வைத்துச் சுழற்றினால் தண்ணீர் நிறைத்த டம்ளரை மேலே வைக்கலாம், அவ்வளவு ஆடாமல் நின்றது. அதை அவரும்தான் பத்துப் பேரிடம் சொன்னார்.

முதல் ஞாயிறு ரிமோட் சலூன்காரர் கையில். ஃபேன்காரர் மேல் விசிறியைக் கையால் வீசிச் சுழற்றிவிட்டார். வண்டி தரையில் ஓடியது, முழங்கால் உயரம் எழும்பியது, இடப்பக்கம் சாய்ந்து மண்ணைக் கவ்வியது. காற்று சரியில்லை என்றார் ஃபேன்காரர். இரண்டாம் ஞாயிறுக்குள் பேட்டரியை இரண்டு விரற்கடை முன்னால் தள்ளி, வண்டியைத் தலையில் கயிறு கட்டித் தொங்கவிட்டு மூக்கு எவ்வளவு தாழ்கிறது என்று பார்த்து, விசிறித்தலையைச் சாய்க்கும் சின்ன சர்வோ மோட்டார்களைப் புதிதாக மாற்றினார். மறுபடி முழங்கால் உயரம், மறுபடி இடப்பக்கம், மறுபடி மண். இரண்டு இறக்கை போயிற்று.

மூன்றாம் ஞாயிறு மைதானத்தில் பதினைந்து பேர் இருந்தார்கள். செய்தி பரவியிருந்தது, அதனால் வேடிக்கை பார்க்கவே வந்திருந்தார்கள். விழுந்ததும் நகல்கடைக்காரர், "ஃபேனைக் கழட்டி வீட்டு உத்தரத்துலயே மாட்டிடுங்க, காத்தாவது வரும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஃபேன்காரர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நாலு மாத வேலை. மூன்று இறக்கையும் ஒரே எடை. தப்பு தன்மேல் இருக்கவே முடியாது என்றால் மிச்சமிருப்பது யார்?

"இறக்கையில ஒண்ணும் இல்லை! உங்க கை நடுங்குது மச்சான், அதான் விழுது! காலையில டீ கிளாஸைப் பிடிக்கறப்போ நான் பார்க்கறேனே!"

சிரிப்பு நின்றது. அந்தப் பதினைந்து பேரில் ஏழெட்டுப் பேர் சலூன்காரரிடம் கழுத்தைக் கொடுப்பவர்கள். சலூன்காரர் ரிமோட்டின் ஸ்விட்சை அணைத்தார், அதன் கம்பியை மடக்கினார், கருவிப்பெட்டிமேல் வைத்தார், நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் சலூன் கண்ணாடியில் பெரிய எழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'இங்கே முடி மட்டும். சவரம் இல்லை.'

ஃபேன்காரர் தன் கடையிலிருந்தே அதைப் படித்தார். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தார். ஒரு வாரம் ஆனது. இரண்டு வாரம் ஆனது. அவர் முகத்தில் தாடி வளர்ந்தது, பாதிக்குமேல் வெள்ளை. இருபத்தாறு வருடமாக ஒரே கைதான் அவர் முகத்தைத் தொட்டிருக்கிறது. வேறு கடைக்குப் போக மனம் வரவில்லை, தானே மழித்துக்கொள்ளத் தெரியாது. "என்னண்ணே, இந்த வயசுல காதல் தோல்வியா?" என்று விசிறி வாங்க வந்தவர்களெல்லாம் கேட்டார்கள்.

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம், சோற்றுத்தட்டை முன்னால் வைத்துவிட்டு அவர் மனைவி நின்றபடியே சொன்னாள்.

"அண்ணன் மாசக் கடைசியில கடைச்சாவியைக் குடுத்துடப் போறாராம். கட்டடக்காரர்கிட்ட சொல்லியாச்சாம்."

"எதுக்கு?"

"எதுக்கா? கத்தியைத் தொட பயமா இருக்காம். கையைக் கையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. அண்ணி என்கிட்ட அழுவுறாங்க." அவள் குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் தேவலாம் என்று அவருக்கு இருந்தது. "நீங்க வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டு வந்துட்டீங்க. அவரு அதை நம்பிட்டாரு."

"நான் பார்த்ததைத்தானே சொன்னேன்?"

"சாப்பிடுங்க" என்று போய்விட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் நகல்கடைக்காரர் வேறு வந்தார். வண்டியைச் சரிபண்ணியாகிவிட்டதல்லவா, வருகிற ஞாயிறு நான் ஓட்டிப் பார்க்கிறேன், என் கை கெட்டி என்றார். ஃபேன்காரர் சரி என்றார். சொன்னபோது உள்ளே ஏதோ உறுத்தியது, என்னவென்று பார்க்க அவர் மெனக்கெடவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. ஒரு கல்யாண மண்டபத்தின் பெரிய ஸ்டாண்டு விசிறியைக் கம்பி சுற்றி முடித்து மேசைக்கு எதிரே ஓடவிட்டிருந்தார். எதிர்ப்பலகையில் யாரோ கொடுத்த மேசைவிசிறி ஒன்று, மின்சாரம் இல்லாமல், பெரியதைப் பார்த்தபடி சும்மா நின்றது. பெரிய விசிறியின் காற்று முகத்தில் அடித்ததும் சின்னது மெல்லச் சுற்றத் தொடங்கியது. வழக்கம்போல் தலைகீழ்த் திசையில். எதிர்க்காற்று பட்டால் விசிறி பின்னோக்கித்தான் சுற்றும். முப்பத்தொரு வருடத்தில் ஆயிரம் தடவை பார்த்த காட்சி. ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை.

அவர் வார்னிஷ் தூரிகையைக் கீழே வைத்தார்.

விசிறி என்பது காற்றைத் தள்ளுகிற சாமான். அதன் இறக்கையின் முன்விளிம்பு சற்று உயர்ந்திருக்கும். அவர் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். ஆனால் ஆட்டோகைரோவின் தலையிலிருப்பது காற்றைத் தள்ளவில்லை, காற்று அதைத் தள்ளுகிறது. வரைபடத்தை இழுத்து எடுத்தார். ஒவ்வோர் இறக்கைக்கும் நடுத்தட்டுக்கும் இடையே ஓர் ஆப்பு, தீக்குச்சிக் கனத்தில். தடித்த பக்கம் பின்னால், மெல்லிய பக்கம் முன்னால். அதாவது முன்விளிம்பு ஒரு மயிர் தாழ்ந்திருக்கவேண்டும். அந்த இடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு குறுக்குக்கோடு. பக்கத்தில் ஓர் அம்புக்குறி, ஆப்பைத் திருப்பிப் போடச் சொல்லி. 'படம் தப்பு' என்று எழுதியிருந்தது. எழுதியது அவர்தான். வரைந்தவனுக்கு விசிறி தெரியவில்லை பாவம் என்று இரக்கப்பட்டு, யாரையும் கேட்காமல், அன்றைக்குத் திருத்திவைத்தது.

அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். கையால் வீசிவிட்ட வேகம் இருக்கும்வரை விசிறி சுற்றியிருக்கிறது. வண்டி ஓட ஓட, வருகிற காற்று அதைப் பின்னோக்கித் தள்ளி வேகத்தைக் குறைத்திருக்கிறது. வேகம் போதாத விசிறியோடு எழும்பினால், ஒரு பக்க இறக்கைக்குப் பிடிப்பு போய் அந்தப் பக்கமே கவிழும். கை நடுங்கி விழுந்ததென்றால் ஒரு தடவையாவது வலப்பக்கம் விழுந்திருக்கவேண்டாமா? மூன்று தடவையும் இடப்பக்கம்! இதுகூட உறைக்காத மரமண்டைக்கு மச்சானின் டீ கிளாஸ் மட்டும் கண்ணில் பட்டிருக்கிறது.

முதலில் அவருக்கு வந்தது ஒரு கேடுகெட்ட நிம்மதி. ஆறு திருகாணிகளைக் கழற்றினால், மூன்று ஆப்புகளைத் திருப்பினால் முடிந்தது. சிவப்புப் பென்சிலை அழித்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஞாயிறு நகல்கடைக்காரர் ஓட்டுவார், வண்டி பறக்கும். அந்த நினைப்பு அங்கே வந்ததும்தான் உறுத்தியது எதுவென்று புரிந்தது. நகல்கடைக்காரர் கையில் அது பறந்தால் மைதானமே என்ன சொல்லும்? பார்த்தீங்களா, கைதான்னு சொன்னாரே ஃபேன்காரர், சரியாப் போச்சு என்று சொல்லும். மச்சான் கத்தியை ஒரேயடியாக மடித்து வைத்துவிடுவார். தானே திருப்பிப்போடும் அந்த மூன்று ஆப்பும் மச்சான் கைகளுக்கு வைக்கும் ஆப்பு. அவர் ஆப்புகளைத் தொடவில்லை. வண்டியை ஒரு கையிலும் ஒரு மேசைவிசிறியை மறு கையிலும் தூக்கிக்கொண்டு, வரைபடத்தை இடுக்கிக்கொண்டு, கடையைத் திறந்துபோட்டபடியே சாலையைக் கடந்தார்.

சலூனில் ஆள் இல்லை. சலூன்காரர் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே மடித்த துண்டுகள்தான்.

"முடியா?" என்றார், நிமிராமல்.

"மச்சான், தப்பு என்னோடது."

ரேடியோவில் ஒன்றும் வாசிக்கவில்லை. சலூன்காரர் இன்னொரு துண்டை எடுத்தார்.

"தங்கச்சி சொல்லி அனுப்பினாளா?"

"அவளுக்கே தெரியாது. இதைப் பாருங்க."

"போ மாப்ள. சமாதானம் பண்ண வராதே. நீ சொன்னதுல தப்பு இல்லை."

வாய்ப்பேச்சு எடுபடாது என்று ஃபேன்காரருக்குத் தெரிந்துபோயிற்று. மேசைவிசிறியை அலமாரியில் வைத்து இணைப்புக் கொடுத்தார். அதன் காற்றுக்கு நேரே வண்டியை, பறக்கிறபோது இருக்கும் சாய்வில், இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். தலையிலிருந்த மூன்று இறக்கையும் தயங்கி, பிறகு தலைகீழாகச் சுற்றத் தொடங்கின. சலூன்காரர் துண்டைப் பிடித்தபடி நின்றார். இருபது வருடமாகப் பறக்க விடுகிறவர், சொல்லவேண்டியதில்லை.

ஃபேன்காரர் செய்தித்தாள் நாற்காலியில் உட்கார்ந்து ஆறு திருகாணிகளையும் கழற்றினார். ஆப்புகளைத் திருப்பினார், முடுக்கினார். மறுபடி தூக்கிப் பிடித்தபோது இறக்கைகள் சரியான திசையில் நகர்ந்தன, வேகம் பிடித்தன, இறக்கைகள் தெரியாமல் வட்டம் மட்டும் தெரிகிற அளவுக்குச் சுழன்றன. வண்டி அவர் பிடியை மேலே இழுத்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த காகிதத்தின் ஒரு மூலை படபடத்தது.

சலூன்காரர் வரைபடத்தை எடுத்துப் பார்த்தார். சிவப்புக்கோட்டின்மேல் விரலை வைத்தார்.

"இது நீ போட்டதா?"

"நான்தான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்னு தோணலையா?"

"படம் போட்டவனுக்கு ஃபேன் தெரியலைன்னு நினைச்சேன்."

"படம் போட்டவனுக்கே தெரியலை. உனக்குத் தெரிஞ்சுபோச்சு." சலூன்காரருக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. "சரி, சுத்துது. சந்தோஷம். ஆனா டீ கிளாஸ் ஆடுறது பொய்யில்லையே? நானே ஒரு வருஷமா பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். நீ அத்தனை பேர் முன்னாடி சொன்னப்புறம், எந்தக் கழுத்தைப் பார்த்தாலும் உன் குரல்தான் மாப்ள கேக்குது."

ஃபேன்காரர் மேசைவிசிறியை அணைத்தார். வண்டியைத் தரையில் ஓரமாக வைத்தார். கண்ணாடிக்கு முன்னாலிருந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டார்.

"பண்ணுங்க."

"மெஷின்ல எடுத்துவிடறேன்."

"கத்தி."

"எழுந்திரு மாப்ள, விளையாடாதே."

"எழுந்திருக்க மாட்டேன். கடையைத் திறந்துபோட்டுட்டு வந்திருக்கேன், சீக்கிரம் பண்ணுங்க."

ஒருவேளை அந்த வண்டி என்னாயிற்று என்று காத்திருப்பீர்கள். ஞாயிறு பறந்தது, பதினோரு நிமிடம். சலூன்காரர்தான் ஓட்டினார். பாய் அளவு இடத்தில் இறக்கினார். சிவப்புப் பென்சில் கதையை ஃபேன்காரர் பதினைந்து பேர் முன்னால் தானே சொன்னார், நகல்கடைக்காரர் அதை இரண்டு வருடத்துக்குச் சொல்லிச் சிரிக்கப்போகிறார். அதெல்லாம் ஞாயிறு. இது வெள்ளிக்கிழமை.

சலூன்காரர் மடித்த துண்டு ஒன்றை உதறி மைத்துனர் தோளில் போட்டார். பிறகு தண்ணீர் எடுத்தார். தாடியைக் கத்தரிக்கோலால் குறைத்தார், நுரை போட்டார். புது பிளேடைப் பாதியாக ஒடித்துக் கத்தியில் செருகும் சத்தம் கேட்டது. ஃபேன்காரர் கண்ணை மூடிக்கொண்டார். கன்னத்தில் முதல் இழுப்பு விழுந்தது. இரண்டாவது, மூன்றாவது. பிறகு ஒரு விரல் அவர் மோவாயை மேலே தூக்கியது. தொண்டையில் பிளேடின் குளிர்ச்சி பட்டது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கடகடவென்று, மெல்லிசாக, விடாமல். முப்பத்தொரு வருடக் காது சும்மா இருக்குமா?

கத்தி கழுத்தைவிட்டு எடுபட்டதும், "மச்சான், அந்த ஃபேன்ல புஷ் போயிருக்கு போல. கேக்குதா?" என்றார்.

"ஃபேன் ஓடலை மாப்ள. நீதான் அணைச்சுவச்சே."

ஃபேன்காரர் கண்ணைத் திறந்தார். நாற்காலியின் இரும்புக் கைப்பிடிகள் இரண்டையும் அவர் கெட்டியாகப் பிடித்திருந்தார். இடது கைப்பிடியின் ஆணி லூசு. அதுதான் கடகடத்துக்கொண்டிருந்தது.

கண்ணாடியில் சலூன்காரரின் கத்திக்கை காற்றில் அப்படியே நின்றது, ஓர் அசைவு இல்லாமல். சலூன்காரர் அதைப் பார்த்தார், பிறகு மைத்துனர் கைகளைப் பார்த்தார்.

"நடுங்காம இரு மாப்ள" என்றார். "கழுத்துல வேலை இருக்கு."

ஃபேன்காரர் கைகளை எடுத்து மடியில் கோத்து வைத்துக்கொண்டார். மோவாயை அவரே மேலே தூக்கினார்.